முக்கால் லோடு

எங்கள் குடோனில் பாதி லாரியை இறக்கிவிட்டுப் போகிறவனுக்குக் கூலி கிடையாது. இடுப்பு ஒடிந்தாலும் சரி, கடைசி மூட்டை இறங்கினால்தான் காசு. அப்படிப் பாதியில் விட்டுப் போனவன் எங்கள் கூட்டத்தில் ஒருத்தனும் இல்லை. அந்தப் பெருமை இப்படி வந்து எங்கள் தலையிலேயே விடியும் என்று யார் கண்டது.

என் தங்கை குடியிருக்கும் கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள். அவளும் புருஷனும் அலையாய் அலைந்து வேறு வீடு பிடித்திருந்தார்கள். ரெண்டு அறை, தனிக் குழாய். அந்தச் சமையலறை ஜன்னலைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து பார்த்துவிட்டு வந்ததாகச் சிரித்துக்கொண்டே சொன்னாள். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் முன்பணம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் காத்திருக்கும் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று வீட்டுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். தங்கை தையல் மெஷின் மிதித்ததில் பாதி, அவள் புருஷன் என்னோடு மூட்டை தூக்கியதில் பாதி என்று சேர்த்த பணம். மாப்பிள்ளையின் போன் கணக்கில் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை காலையில் சிமெண்ட் லாரி வந்து நிற்கிறது, மாப்பிள்ளையைக் காணோம். தேடினால் மூட்டை அடுக்குக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து போனைத் தட்டிக்கொண்டிருக்கிறார்.

"என்னய்யா, முட்டையா அடைகாக்கிறே?" என்றான் ஒட்டகம். எங்கள் கூட்டத்தில் நெட்டையன் அவன்தான்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்ததும் போனை மறைக்கப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, நீட்டினார். திரையில் கலர் கலராக ஒரு சக்கரம் சுற்றியது. அதன் கீழே பச்சையாக ஒரு கோடு, பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது.

"பந்தய ஆப், மச்சான். வீடியோ விளம்பரத்துல சொன்னாங்க. நாம போடுற பணத்துக்குச் சமமா அவனும் போனஸ் போடுறான். ஆனா உடனே எடுக்க விடமாட்டான். மொத்தப் பணத்தையும் இருபது மடங்கு ஆடி முடிக்கணும். இந்தக் கோடு நிறைஞ்சா அத்தனையும் நமக்கு. இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம்."

"எந்தப் பணத்தைப் போட்டீங்க?"

அவர் துண்டால் திரையைத் துடைத்தார்.

"முன்பணத்தையா?"

"அது எங்கேயும் போகல மச்சான். இதோ, இதுக்குள்ளதான் இருக்கு. தரையில படுத்துப் படுத்து உங்க தங்கச்சிக்கு முதுகு போச்சு. புது வீட்டுக்குப் போறப்ப ஒரு கட்டில் வாங்கிப் போட்டுடலாம்னுதான்..."

ஒரு வீட்டையே எடுத்து ஒரு சக்கரத்துக்குள் போட்டுவிட்டு, உள்ளேதான் இருக்கிறது என்கிறார் மனிதர்.

இதற்குள் ஊமை வந்துவிட்டான். வாய் ஓயாமல் பேசுவதால் அவனுக்கு அந்தப் பெயர். விஷயத்தைக் கேட்டதும், "ப்பூ, இவ்வளவுதானா? இதுவும் ஒரு லோடுதானே! ஒத்த ஆளா இறக்கினா விரல் செத்துத்தான் போகும். ஆளுக்குக் கொஞ்சம் இறக்குவோம். ஒருத்தன் உட்கார்ந்து தட்டட்டும், அவன் மூட்டையை மத்தவங்க தூக்குவோம்" என்றான்.

வேறு யார் சொல்லியிருந்தாலும் சிரித்திருப்போம். நாங்களோ ஆயுசுக்கும் லோடு இறக்கியவர்கள். முறை வைத்துக்கொண்டோம். ஒட்டகம் தட்டினான், ஊமை தட்டினான். நானும் தட்டினேன். விரலில் ஒட்டியிருந்த சிமெண்ட் தூள் திரையில் கோடு போட்டது. பச்சைக் கோடு ஏறும்போதெல்லாம், "ஏறுதுடா, ஏறுதுடா!" என்று சத்தம். மாப்பிள்ளை முகத்திலும் ரத்தம் ஓடியது.

சாப்பாட்டு வேளையில் சக்கரம் நின்று திரையில் ஒரு பெட்டி வந்தது. நாற்பது வயசுக்கு மேல் எழுத்துப் படித்தவன் நான். கூட்டத்தில் வாசிக்கத் தெரிந்தவனும் நான்தான். எழுத்துக் கூட்டி வாசித்தேன். போனஸ் வேண்டாம் என்றால் மீதியிருக்கும் உங்கள் பணத்தை இப்போதே எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தது. மீதி எவ்வளவு என்று பார்த்தோம். போட்டதில் கொஞ்சம்தான் குறைந்திருந்தது. துண்டு விழுவதைக் கைமாற்று வாங்கிக்கூடச் சரிக்கட்டிவிடலாம்.

"எடுத்துடுங்க மாப்பிள்ளை" என்றேன்.

"நல்லா இருக்குண்ணே நியாயம்!" என்று ஊமை துள்ளினான். "முக்கால் லோடு இறக்கியாச்சு. இப்ப கையை உதறிட்டுப் போனா இவ்வளவு நேரம் செத்ததுக்குக் கூலி யாரு தருவா?"

"முக்கால் லாரியில விட்டுட்டுப் போன கூட்டம்னு பேர் வாங்கவா?" என்றான் ஒட்டகம்.

மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்தார். நான் இன்னொரு தடவை சொல்லியிருந்தால் எடுத்திருப்பார். சொல்லவில்லை. முக்கால் லோடு என்றதும் என் முதுகும் நிமிர்ந்துகொண்டது. அவர் 'தொடர்க' என்பதை அழுத்தினார்.

லாரியில் மூட்டை குறையக் குறைய நம் பாரம் குறையும். இங்கே கோடு ஏற ஏறப் பணம் குறைந்தது, சாப்பாட்டுக்குப் பிறகு மளமளவென்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சொட்டு அவன் பக்கம் ஒழுகும்படிதான் சக்கரத்தையே செய்திருக்கிறான். நடுவில் ரெண்டு கை ஜெயிக்கலாம், கூத்தாடலாம். ஆனால் இருபது மடங்கு சுற்று என்றால், ஓட்டைக் குடத்தில் இருபது நடை தண்ணீர் எடு என்று அர்த்தம். இது எனக்கு இப்போது புரிகிறது. அன்றைக்கு அடுத்த முறை யாருடையது என்றுதான் சண்டை போட்டோம்.

கோடு நிறைய ஒரு விரல்கடை இருந்தபோது சக்கரம் நின்றது.

"என்னாச்சு, நெட் போச்சா?" என்றான் ஒட்டகம்.

நான் வாசித்தேன். மறுபடி வாசித்தேன். எழுத்துக் கூட்டுவதில் தப்பு வந்திருக்கும் என்று மூன்றாம் தடவையும் வாசித்தேன். "ஆடுவதற்குப் போதிய பணம் இல்லை."

"இல்லைன்னா?"

"இல்லைன்னா இல்லைதான்டா."

அந்த நேரம் பார்த்துப் போன் மணியடித்து ஒரு செய்தி வந்தது. 'மனம் தளராதீர்கள்! இன்றே மீண்டும் பணம் போடுங்கள், உங்களுக்காகவே புதிய போனஸ்!'

வாசித்துக் காட்டியது என் தப்பு. மாப்பிள்ளை என் கையைப் பிடித்தார். "மச்சான், இன்னைக்குக் கூலி வருமில்ல? அதைப் போட்டா விட்டதைப் பிடிச்சிடலாம்." ஒட்டகம் சட்டைப்பைக்குள் கைவிட்டுத் துழாவினான். ஊமை, "என்கிட்டயும் கொஞ்சம் இருக்கு" என்றான். காலையில் 'ஏறுதுடா' என்று சிரித்த அதே கண்களா இவை? என் பங்குக் கூலி எவ்வளவு வரும் என்று என் மனசும் அதற்குள் ஒரு கணக்குப் போட்டிருந்தது. அதுதான் இன்னும் பயம்.

போனைப் பிடுங்கிக்கொண்டேன். தடவித் தடவி, கணக்கை நிரந்தரமாக மூடும் இடத்தைக் கண்டுபிடித்தேன். நிச்சயமாகவா என்று கேட்டது. நன்றாக யோசித்தீர்களா என்றது. போகாதீர்கள் என்று கெஞ்சியது. பணம் போடும்போது இப்படி ஒரு கேள்வியாவது கேட்டிருப்பானா? கடைசியில் மாப்பிள்ளையின் விரல் ரேகை வேண்டும் என்றது.

"வையுங்க."

"மூடிட்டா போனது போனதுதான் மச்சான்."

"மூடாட்டி நாளைக்குத் தையல் மெஷினும் போகும்."

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அப்போது கேட்டருகே தங்கையின் குரல்.

"அண்ணே! வீட்டுக்காரர் புது வீட்டு வாசல்ல சாவியோட வந்து நிக்கிறாராம். உன் மாப்பிள்ளையை அனுப்புண்ணே!"

சலவைச் சேலை கட்டி, தலை வாரி வந்திருந்தாள். நாங்கள் நாலு பேரும் நின்ற நிலையைப் பார்த்து நேரே உள்ளே வந்தாள். என் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தாள். ஓரத்தில் இன்னும் அந்தச் சக்கரம் மின்னிக்கொண்டிருந்தது.

"என்னங்க இது, பிள்ளைங்க விளையாட்டா?"

மாப்பிள்ளை விரலைக் கொண்டுவந்து வைத்தார். கணக்கு மூடிக்கொண்டது. அப்படியே மூட்டை மேல் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். தங்கை அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"முன்பணமா? எவ்வளவு போச்சு?"

ஒட்டகம் நகர்ந்து லாரிக்குப் பின்னால் போய் நின்றான்.

"சரி, எவ்வளவு மிச்சம்? அதையாவது சொல்லேண்ணே."

ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினேன். அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நின்றேன். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ வராதேண்ணே. அவரும் வரவேண்டாம். நானே போய்ச் சொல்லிடறேன், அடுத்த ஆளுக்குக் கொடுத்துடச் சொல்லி. அந்த மனுஷன் ஏன் வெயில்ல நிக்கணும்."

கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கினாள். தினமும் நடக்கிற தெரு. எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் அங்கேயே நின்றாள்.