அறுக்காத மாடு

படுத்துவிட்ட மாட்டைப் புரட்டிப்போட ஜெனிஃபருக்கு ஒரு கயிறும் இரண்டு ஆட்களும் போதும். அப்பாவைப் புரட்டுவதுதான் பெரும்பாடாக இருந்தது. எலும்பும் தோலுமாகிவிட்ட உடம்பு, கனமே இல்லை. ஆனால் அவள் கை பட்டதும் விறைத்துக்கொண்டது.

"உம் பொண்ண வுடச் சொல்லு. நீ புடி," என்றார் ஏசுபாதம், சுவரைப் பார்த்தபடி.

"உம் பொண்ணாம். நான் மட்டும் தனியா பெத்தேனா?" என்று முணுமுணுத்துக்கொண்டே அம்மா பாப்பா அவர் தோளைப் பிடித்தாள். ஜெனிஃபர் நகர்ந்து நின்றாள்.

நுரையீரல் போய்விட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இன்றோ நாளையோ என்பது மூச்சைக் கேட்கும்போதே அவளுக்குத் தெரிந்தது. அதைவிடப் பெரிய கவலை வேறு. ஒரு வருடமாக அப்பா அவளிடம் நேராகப் பேசவில்லை. பேசாமலே போய்விடுவாரோ என்று பயந்தாள்.

கல்பாக்கத்தில் கேன்டீன் வேலை பார்த்து அவளைப் படிக்கவைத்தவர் அவர். வேப்பேரியில் கால்நடை மருத்துவத்துக்கு இடம் கிடைத்தபோது காலனி முழுக்க லட்டு கொடுத்தார். மாட்டு டாக்டரா என்று இழுத்தவர்களிடம், "மாடு வவுத்த வலினு பொய் சொல்லி லீவு கேக்காதுபா," என்றார். கடப்பாக்கத்தில் பஸ் ஏற்றிவிட்ட அன்று மட்டும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னார். "செத்த மாட்ட தொடாத, ஜெனி."

அவளும் தலையாட்டினாள். கல்லூரியில் முதல் வாரமே உடற்கூறு வகுப்பு. ஃபார்மலின் நெடி கண்ணைக் கரிக்க, செத்த காளை ஒன்று அவளுக்காகக் காத்திருந்தது. உயிருள்ள மாட்டைத் தெரிந்துகொள்ளச் செத்த மாட்டைத்தான் முதலில் பிரிக்கவேண்டியிருக்கிறது என்று அப்பாவிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமலே ஐந்து வருடம் ஓடிவிட்டது.

படித்து முடித்து, சுற்றிச் சுற்றி, சொந்த ஊருக்குப் பக்கத்துக் கால்நடை மருந்தகத்திலேயே வேலை கிடைத்தது. போன வருடம் ஊர்த்தெருவில் ஒருவர் வீட்டுப் பசு திடீரென்று செத்தது. ஜெனிஃபர் வயலில் குந்தி அதன் வயிற்றைக் கீறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை முடிந்து வந்த ஏசுபாதம் வரப்பில் நின்று அதைப் பார்த்துவிட்டார்.

"அந்தக் கத்திய கீழ போடு," என்று எல்லார் முன்னாலும் கத்தினார்.

அவளுக்கும் ரோஷம் வந்துவிட்டது. "இது என் வேலப்பா. உங்க வெக்கத்துக்காக நான் வேலைய வுட முடியாது."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு எல்லாம் பாப்பா வழியாகத்தான். மருந்துப் பையும் வீட்டுக்குள் வரக்கூடாது, வேப்பமரத்தடியோடு சரி. அவருடைய அப்பா ஊர்த்தெருவின் செத்த மாடுகளைக் கயிறு கட்டி இழுத்தவர். அந்தக் கயிறே வேண்டாம் என்று உதறிவிட்டுப் பிழைப்புத் தேடிப் போனவர் இவர். அவர் கயிற்றைக் கீழே போட்டார், மகள் கத்தியை எடுத்துவிட்டாள். அந்த வெட்கம்தான் என்று ஜெனிஃபர் நினைத்திருந்தாள். அதில் தன் தப்பு எதுவும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. ஆனாலும் வலித்தது.

வாசலில் வேண்டாவின் குரல் கேட்டது. நாலு வீடு தள்ளி இருப்பவள், அப்பாவுக்குத் தங்கை முறை. "ஜெனி, எம் மாடு பூட்ச்சிடி. நேத்து சாயங்காலம் வரிக்கும் நல்லா தின்னுகினு இருந்துச்சு. காலைல பாத்தா கெடக்குது. மூக்குல ரத்தம் வந்துகினே கீது."

"மூக்குலயா?"

"ஆமா. தோல உரிக்கலாம்னு சின்னையன் கத்தியோட வந்துட்டான். இன்னா பண்றதுனு தெர்ல."

கட்டிலில் அப்பாவின் கண் திறந்திருந்தது. ஜெனிஃபர் அம்மாவைப் பார்த்தாள்.

"போவாதனு சொல்லு," என்றார் அவர், பாப்பாவிடம்.

வேறு எந்தச் சாவாக இருந்தாலும் அவள் போயிருக்கமாட்டாள். "வந்துடறேம்மா," என்று சொல்லிவிட்டு மரத்தடியில் கிடந்த பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். வருவதற்குள் அவர் போய்விட்டால் என்ற நினைப்பும் கூடவே ஓடிவந்தது.

மாடு கொட்டகையில் கிடந்தது. வயிறு ஊதியிருந்தது. ஆனால் கால்கள் விறைக்கவில்லை. மூக்கில் வழிந்த ரத்தம் கறுத்துப்போய், உறையாமல் இருந்தது. சின்னையன் கல்லில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தான். சுற்றிலும் நாலைந்து பேர் பாத்திரத்தோடு நின்றார்கள்.

"கத்திய உள்ள வைண்ணே. தள்ளி நில்லுங்க எல்லாரும்."

"நீ அறுத்தா மட்டும் சரியா?" என்றான் சின்னையன்.

"நானும் அறுக்கமாட்டேன். இது அடைப்பான் மாதிரி கீது. மாட்டுலேருந்து மனுசனுக்கு வரும். அறுத்தா மண்ணெல்லாம் பரவிடும்."

எந்தச் சாவையும் அறுத்துப் பார், ஆந்த்ராக்ஸ் என்றால் மட்டும் அறுக்காதே என்று கல்லூரியில் படித்துப் படித்துச் சொன்னது அவளுக்கு மறக்கவில்லை. கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு, காது நுனியைக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி எடுத்தாள். மூக்கைப் பஞ்சால் அடைத்தாள். குழியை ஆழமாகத் தோண்டச் சொல்லி, சுண்ணாம்பு கொட்டி, மாட்டைத் தோலோடு புதைத்து மண் மூடும் வரை நகரவில்லை. கறி போச்சே என்று ஒருவர் முனகினார். வேண்டா மட்டும் மாட்டுக்காக அழுதாள்.

வீட்டுக்கு வந்ததும் பையை மரத்தடியில் வைத்துவிட்டு, சோப்புப் போட்டுத் தோள்வரை தேய்த்துக் கழுவினாள். உள்ளே மூச்சுச் சத்தம் கேட்டது. அப்பாடா என்றிருந்தது.

ஏசுபாதம் வாசலைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"அறுத்தியா?"

கேட்டது அவளைத்தான். ஜெனிஃபர் கட்டிலருகே போனாள்.

"இல்லப்பா. அடைப்பான்னா அறுக்கவே கூடாது. அப்படியே புதைச்சிட்டோம்."

"கையக் காட்டு."

காட்டினாள். அவர் விரல்களைப் பிரித்துப் பார்த்தார், புறங்கையைத் திருப்பிப் பார்த்தார். முழங்கைக்குக் கீழே ஓரிடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

"எங்க நைனாவுக்கு இங்கதான் வந்துச்சு," என்றார். மூச்சு வாங்க வாங்க, விட்டு விட்டுச் சொன்னார். "ஊர்க்காரன் மாடு. மூக்குல ரத்தம். இழுத்துகினு வந்து அறுத்தாரு. எல்லாரும்தான் துன்னோம். அவுருக்கு மட்டும் ஒரு கொப்புளம். வலிக்கலடானு சிரிச்சாரு. நடுவுல கரி மாதிரி கறுத்துச்சு. ஒரு வாரம்கூட தாங்கல."

பாடப் புத்தகத்தில் அந்தக் கொப்புளத்தின் படமே இருந்தது. வலிக்காது, நடுவில் கறுக்கும் என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறாள். தன் தாத்தாவைப் பற்றித்தான் எழுதினோம் என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

"ஏம்பா சொல்லல?"

"செத்த மாட்ட துன்னோம்னு பெத்த பொண்ணுகிட்ட எப்டி சொல்றது?" என்றார். மறுபடி அவள் கையைப் பார்த்து, "அன்னிக்கி வெக்கம்னு சொன்ன. நீ அறுத்ததுல வெக்கம் இல்ல ஜெனி. பயம்."

"தெனம் என் உசுர வாங்குவாரு," என்றாள் பாப்பா. "சோறு போடறப்ப அவ கையப் பாத்தியா, கொப்புளம் கிப்புளம் கீதானு. ஒண்ணும் இல்லனு நான் வந்து சொன்னாதான் தூங்குவாரு."

தினமும் சாப்பாட்டு நேரத்தில் அம்மா அவள் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். கல்யாணத்துக்கு நிக்கிற பொண்ணு கையா இது, நகத்த வெட்டுடி என்பாள். பெண் பார்க்க வருகிறவர்களுக்காக என்று நினைத்து எத்தனை நாள் எரிந்து விழுந்திருக்கிறாள். ஜெனிஃபருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அப்பா வெட்கப்பட்டது தன்னைப் பார்த்து இல்லை. அது போதும்.

"இப்போ பயமில்லப்பா. மனுசனுக்கு வந்தாக்கூட ஊசி கீது. பென்சிலின் போட்டா சரியாயிடும்."

அவர் அவளையே பார்த்தார். "அப்பவே இருந்துச்சா அந்த ஊசி?"

அப்போதும் இருந்தது, ஒரு பஸ் தூரத்து ஆஸ்பத்திரியில்.

"இல்லப்பா," என்றாள்.

அவர் தலையசைத்தார். "உம் பைய உள்ள கொணாந்து வையி. வெயில்ல கெடக்குது."

பிற்பகலில் ஒருக்களித்துப் படுக்கவேண்டும் என்றார். அவளே புரட்டினாள். இந்த முறை உடம்பு விறைக்கவில்லை. அப்படியே அவள் கையில் சாய்ந்துகொண்டு, பொழுது சாய்வதற்குள் அமைதியாகப் போய்ச் சேர்ந்தார். இழுப்பில்லை, திணறல் இல்லை. பாப்பா அவர் கண்களை மூடிவிட்டு, "நல்ல சாவு," என்றாள். ஜெனிஃபருக்கும் அப்படித்தான் பட்டது.

மறுநாள் கல்லறையில் போதகர் ஜெபம் சொல்லி முடித்ததும், குழி வெட்டிய சின்னையன் பக்கத்தில் நின்றவனிடம் மெல்லச் சொன்னது அவள் காதில் விழுந்தது. "மாட்டுக்குப் போட்ட ஆழத்த போட்டுட்டேன்பா. கம்மியா போட்டா அந்தப் பொண்ணு திட்டும்." அவள் சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியதைப் பார்த்த பெண்கள், பாவம், இப்போதாவது அழுகிறதே என்று பேசிக்கொண்டார்கள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் வேண்டா சோறும் ரசமும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். கட்டிலைக் கழுவிச் சுவரோரம் சாய்த்திருந்தார்கள். பை அதன் பக்கத்தில் இருந்தது.

ஜெனிஃபர் தட்டின் முன் உட்கார்ந்தாள். பாப்பா கரண்டியை வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்து வெளிச்சத்தில் இழுத்தாள். உள்ளங்கையைப் பார்த்தாள், திருப்பிப் புறங்கையைப் பார்த்தாள், முழங்கை வரை தடவிப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்ல," என்றாள், கட்டில் இருந்த பக்கமாக. பிறகு சோற்றைப் போட்டாள்.