ஒளிபரப்பாகாத கடைசிப் பாகம்

1

இது ஒரு சினிமா விமர்சனமாகத் தொடங்கியது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாரிசிலிருந்து வரும் ஒரு சிற்றிதழின் ஆசிரியர் தொலைபேசியில் பிடித்து, ஜப்பான்காரரின் கார்ட்டூன் தொடரொன்றை அமெரிக்கர்கள் நிஜ ஆட்களை வைத்துப் படமாக்கியிருக்கிறார்களாமே, பலெர்மோவில் ஓடுகிறதா, ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்றார். நான் பலெர்மோவின் சீசாப் பகுதியில் மாடிப்படி கழுவுகிறவள். கழுவிய கை காய்வதற்குள் எழுதுகிறவளும்கூட. ஒரு பக்கம்தானே என்று தலையாட்டினேன். அந்தப் பக்கம் இன்றுவரை முடியவில்லை.

முதல் வரி இப்படி இருந்தது: ‘கார்ட்டூனுக்கு உயிர் கொடுப்பதாக நினைத்து ஹொலிவூட் அதன் உயிரை’

வேண்டாம். இப்படி எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கே எரிச்சல்.

இரண்டாவது வரி: ‘1996 வைகாசியில் சாம்பவி என்ற பிள்ளைக்குத் தன் தகப்பன் செத்துப்போனது தெரியாது.’

விமர்சனத்துக்கு இது முதல் வரி இல்லை. ஆனால் எழுதிவிட்டேன், அழிக்க மனம் வரவில்லை. இனி இது கதை. ஆசிரியர் கோபிக்கட்டும்.

2

தொடரைப் பார்க்காதவர்களுக்காக: லுச்சில்லா என்று ஒரு பெண்பிள்ளை. (ஜப்பானில் அவளுக்கு வேறு பெயர். இத்தாலியில் குரல் கொடுத்தவர்கள் லுச்சில்லா ஆக்கினார்கள். அமெரிக்கர்கள் கேட் என்கிறார்கள். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சாம்பவியையே பள்ளிக்கூடத்தில் ‘சாம்பா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள்.) லுச்சில்லாவின் தகப்பன் கடலில் காணாமற்போய்விட்டார். அவர் செய்துவைத்துவிட்டுப் போன சிவப்பு இரும்பு மனிதனுக்குள் ஏறி உட்கார்ந்து, கடலடியில் நடந்து நடந்து அவள் தேடுகிறாள். ஒவ்வொரு பாகத்திலும் அவருடைய பொருள் ஏதாவது அகப்படும். தொப்பி, கையுறை, கோப்பி குடித்த கோப்பை. ஆள் மட்டும் அகப்படமாட்டார்.

இங்கே ஒரு தனியார் சானல் அதைப் பின்னேரங்களில் போட்டது. கடைசிப் பாகங்களை வாங்கவே இல்லையோ என்னவோ, தகப்பனின் குரல் வானொலியில் கேட்கிற கட்டம் வந்ததும் மறுநாள் திரும்ப முதலாம் பாகத்தைப் போட்டுவிடுவார்கள். சாம்பவி இந்தச் செக்கில் பலமுறை சுற்றியவள். முடியாத கதையை ஏன் பார்க்கிறாய் என்று ஒருநாள் அவளைச் சினந்தேன்.

“முடிவு இருக்குது அன்ரி. எங்களுக்குப் போட்டுக் காட்டேல்லை, அவ்வளவுதான்,” என்றாள்.

அவளும் தாய் குகனேஸ்வரியும் என் மேல்மாடியில் இருந்தார்கள். தகப்பன் சிவபாலன் யாழ்ப்பாணத்தில். அவரை இத்தாலிக்குக் கூப்பிடுகிற அலுவல் கஸ்தூராவில் வருசக்கணக்காகக் கிடந்தது.* பிள்ளை அவரைக் கடைசியாகக் கண்டபோது அவளுக்குப் பால்பல்லும் விழவில்லை.

(இரண்டு தகப்பன்மாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்போகிறாளாக்கும் என்று நீங்கள் அலுத்துக்கொள்வது கேட்கிறது. நான் வைக்கவில்லை. பிள்ளைதான் வைத்தாள்.)

* கஸ்தூரா: வெளிநாட்டவர் விசாவுக்கு வரிசையில் நிற்கும் பொலிஸ் கந்தோர். அதைப் பற்றித் தனியாக ஒரு கதை எழுதலாம். எழுதமாட்டேன்.

3

செய்தி குகனேஸ்வரி வீட்டுவேலை செய்யும் இத்தாலியச் சிஞ்ஞோராவின் தொலைபேசிக்கு வந்தது. கிளாலிக் கடலைக் கடந்து வன்னிக்குப் போன வள்ளம் ஒன்று சூடுபட்டிருக்கிறது. சிவபாலன் அதில் இருந்திருக்கிறார். கரையொதுங்கிய உடலை அவருடைய தம்பிதான் அடையாளம் சொன்னார். குகனேஸ்வரி தன் வீட்டுக்குப் போகாமல் நேரே என் குசினிக்கு வந்தாள். மேலே பிள்ளைக்குக் கேட்டுவிடும் என்று தண்ணீர்ப் பைப்பைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் நாங்கள் இரண்டு பேரும் அழுதோம்.

பிறகு முகத்தைக் கழுவி, என் கண்ணாடியில் பார்த்துக் கலைந்த பொட்டைத் திரும்ப வைத்தாள். தாலியைச் சட்டைக்குள் விட்டாள். பிள்ளைக்குச் சொல்லவேண்டாம் என்று என் கையைப் பிடித்தாள்.

இந்த இடத்தில் என் கதாபாத்திரத்தை நானே நம்பவில்லை. புருசன் செத்த அன்றைக்குப் பொட்டு வைக்கிறவளா? ஒருமுறை இந்தப் பந்தியை வெட்டி, அவளைத் தரையில் விழுத்தி, தலையிலடித்துக் கதற வைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது. ஆனால் அது யாரோ ஒரு பெண். குகனேஸ்வரி பொட்டைத்தான் வைத்தாள்.

4

இனித்தான் படம் வருகிறது. பொலித்தேயாமாப் பக்கம் ஒரு தியேட்டரில் அதை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். முடிவு என்ன என்று குகனேஸ்வரி கேட்டாள். தகப்பன் செத்துக் கிடப்பதைப் பிள்ளை காண்கிறாள் என்றேன். அவள் மீன் செதில் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

“அப்ப அவளைக் கூட்டிக்கொண்டு போங்கோ அக்கா. படம் சொல்லட்டும்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தாய் சொல்லவேண்டியதை அமெரிக்கக்காரன் சொல்வதா என்று ஏசினேன். ஏசிவிட்டு, சனிக்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனேன். தன் வாயால் சொல்ல அவளால் முடியவில்லை என்பது அந்தச் செதிலுக்கே தெரிந்திருக்கும்.

(விமர்சனத்துக்காக எழுதிய ஒரேயொரு உருப்படியான பந்தி இது, வீணாக்க விருப்பமில்லை: வரைந்த தகப்பனுக்கு முகத்தில் நாலு கோடுதான். அவருக்கு வயது போவதில்லை, வியர்ப்பதில்லை, எத்தனை புயலடித்தாலும் சாகப்போகிறார் என்று யாரும் பயப்படுவதில்லை. அமெரிக்கர்கள் அந்த இடத்தில் ஒரு நடிகரைக் கொண்டுவந்தார்கள். தாடி மயிர், கண்ணுக்குக் கீழே சுருக்கம், பல்லில் கறை. தோலைப் போர்த்தவுடன் சாவும் கூடவே வந்துவிட்டது. அவர் திரையில் வந்து சிரித்த முதல் நிமிடமே, இவர் சாகப்போகிறவர் என்று தெரிந்துவிட்டது.)

தியேட்டரில் நான் திரையைப் பார்க்கவில்லை, பிள்ளையைத்தான் பார்த்தேன். தகப்பன் இரும்பு மனிதனின் கையில் செத்துக் கிடந்தார். கேட் கத்தி அழுதாள். சாம்பவி பொப்கோர்ன் சாப்பிட்டாள்.

வெளியே வந்ததும் சொன்னாள்: “நொன் ஏ வேரோ அன்ரி. இது உண்மையில்லை. அமெரிக்கக்காரருக்கு ரெண்டு மணித்தியாலத்திலை முடிக்கவேணும், அதாலை கொன்றுபோட்டினம். ஜப்பான்காரரிட்டை வேறை முடிவு இருக்கும்.”

இத்தனை கூர்மையாக என்னால் அந்தப் படத்தை விமர்சிக்க முடிந்திருக்காது. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

5

அடுத்த நாள் ஞாயிறு. ஞாயிறு என்றால் பலெர்மோத் தமிழர் மலைக்குப் போவார்கள். மொன்தே பெல்லெக்ரீனோவின் மேலே, குகைக் கோயிலுக்குள் புனிதை சாந்தா ரொசாலியா இருக்கிறா. நாங்கள் சைவக்காரர்தான். இருந்தும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுகிறோம், நேர்த்தி வைக்கிறோம். போகாமல் விட்டால் பிள்ளை ஏனென்று கேட்பாள் என்று குகனேஸ்வரியும் வந்தாள். வெறுங்காலோடு மலை முழுக்க ஏறினாள்.

கோயில் வாசலுக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

அவளுக்குத் துடக்கு, சாவுத் தீட்டு. புருசன் செத்து முப்பத்தொரு நாள் கழியவில்லை, கோயில் வாசல் மிதிக்கக்கூடாது. இத்தாலியப் புனிதைக்கு யாழ்ப்பாணத்துத் துடக்கைப் பற்றி என்ன தெரியும்? கிட்டப் போய், உள்ளுக்குப் போ, ஆருக்குத் தெரியப்போகுது என்று மெல்லச் சொன்னேன்.

“அவவுக்குத் தெரியும் அக்கா,” என்றாள்.

பிள்ளையை ஏமாற்ற அவளால் முடிந்தது. ரொசாலியாவை ஏமாற்ற முடியவில்லை. வாசலில் நின்ற கன்னியாஸ்திரி, வெயிலில் நிற்கிறாளே என்று, பிரேகோ சிஞ்ஞோரா, உள்ளே வாருங்கள் என்று இரண்டுதரம் கூப்பிட்டா. குகனேஸ்வரி சிரித்துத் தலையாட்டி மறுத்தாள்.

சாம்பவி மெழுகுதிரியோடு முதற்படியில் ஒரு கால் வைத்திருந்தாள். அந்த மறுப்பைக் கண்டாள். போன வருசம் கனடாவில் பெரியப்பா மோசம்போனபோது இதே பிள்ளை, ஏன் மலைக்குப் போகேல்லை என்று அடம்பிடித்தவள். செத்தவீட்டுக்காரர் வாசல் தாண்டக்கூடாது என்று அப்போது சொல்லிக்கொடுத்ததே குகனேஸ்வரிதான்.

பிள்ளை தாயின் பொட்டைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் வேறு எங்கோ பார்த்தேன்.

படியில் வைத்த காலை எடுத்தாள். மெழுகுதிரியை என் கையில் தந்தாள். போய்த் தாய்க்குப் பக்கத்தில் நின்றாள்.

“நீ போ பிள்ளை, உனக்கென்ன,” என்றாள் தாய்.

“எனக்கும்தானே அம்மா துடக்கு.”

6

குகனேஸ்வரி என்ன சொன்னாள் என்பதற்கு என்னிடம் முடிவுகள் இருக்கின்றன.

அமெரிக்க முடிவு: தாய் முழந்தாளில் இருந்து பிள்ளையைக் கட்டிக்கொள்கிறாள். கன்னியாஸ்திரி தண்ணீர் கொண்டு ஓடிவருகிறா. கீழே கடல் பளபளக்கிறது. எழுதினேன். கிழித்தேன்.

சானல்காரரின் முடிவு: இது ஒரு சினிமா விமர்சனமாகத் தொடங்கியது என்பதை முதலிலேயே

இல்லை. திரும்ப முதலாம் பாகத்துக்குப் போக எனக்கும் ஆசைதான். போனால் அந்தப் பிள்ளை இன்னும் பின்னேரத்தில் ரீவிக்கு முன்னால் இருப்பாள், தகப்பன் கடலடியில் எங்கோ கோப்பி குடித்துக்கொண்டிருப்பார். ஆனால் அவள் காலை எடுத்துவிட்டாள். அதை என்னால் திரும்ப வைக்க முடியாது.

ஜப்பான்காரரின் முடிவு: தெரியாது. எங்களுக்குப் போட்டுக் காட்டவில்லை.

ஆகையால் இப்படிச் செய்வோம். அவர்கள் இரண்டு பேரும் வாசலுக்கு வெளியே வெறுங்காலோடு நிற்கிறார்கள். கல் சுடுகிறது. தாய் இன்னும் வாய் திறக்கவில்லை, பிள்ளை அவளுடைய கையைப் பிடித்துவிட்டாள். எனக்குத் துடக்கு இல்லை, ஆனாலும் இவர்களை விட்டுவிட்டு நான் உள்ளே போகமாட்டேன். உங்களுக்கும் துடக்கு இல்லை. இந்தாருங்கள் மெழுகுதிரி. நீங்கள் போய் அவருக்காகக் கொளுத்திவிட்டு வாருங்கள். பெயர் சிவபாலன். அதை மட்டும் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.