பிரசிடெண்ட் வீட்டு ஆட்டுக்குட்டி

எழுபதாம் வருஷத் தேர்தலில் தணிகாசலம் பஞ்சாயத்து பிரசிடெண்ட் ஆனார். சில வாரங்களிலேயே அவர் வீட்டு வாசலுக்கு ஒரு வெள்ளாட்டுக் குட்டி வந்து சேர்ந்தது. ஊர்க் கால்வாயில் சிறுபாலம் கட்டும் ஊத்துக்கோட்டை கான்ட்ராக்டர் வீரராகவன் அனுப்பியது. தணிகாசலத்தின் மனைவி கனகாம்பாளுக்கு அதைப் பார்த்ததுமே மசாலா அரைக்கக் கை பரபரத்தது.

கழனியிலிருந்து திரும்பிய தணிகாசலம் குட்டியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இத துன்னுட்டா, சிமெண்ட் ஏன் கம்மியா கீதுன்னு அவன எந்த வாயால கேக்கறது? நாளைக்கு எனக்குக் கூட்டம் கீது. நீ போய் உட்டுட்டு வந்துடு."

மனசில்லாமல்தான் கனகாம்பாள் மறுநாள் ஊத்துக்கோட்டை பஸ் ஏறினாள். கண்டக்டர் முன்சீட்டில் இருந்த ஒருவரை எழுப்பி அவளுக்கு இடம் கொடுத்தார். மடியில் குட்டியோடு அவள் உட்கார்ந்ததும், என்ன விஷயம் என்று பஸ்ஸே கேட்டது. சொல்லச் சொல்ல அவளுக்கே பெருமை பொங்கியது.

"பதவி வர்ற வரைக்கும் எல்லாருமே யோக்கியன்தாம்மா," என்றார் பின்சீட்டு மீசைக்காரர். "உக்காந்துட்டா எவனா இருந்தாலும் துன்னத்தான் செய்வான்."

"எங்க ஊட்டுக்காரரு அப்படியில்லண்ணா. ஒரு வெத்தல கூட ஓசியில வாங்க மாட்டாரு."

கீரைக்கூடையோடு நின்றுகொண்டிருந்த குப்பம்மாள் என்ற கிழவி மெதுவாகக் கேட்டாள்: "அது சரி கண்ணு, நீ டிக்கெட் வாங்கனியா?"

தேர்தல் முடிந்ததிலிருந்து கண்டக்டர் கனகாம்பாளிடம் காசு கேட்கவேயில்லை. அவளும் கொடுக்கவில்லை. அது எப்படிப் பழக்கமானது என்று யோசித்துப் பார்த்தாள், தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

"பிரசிடெண்ட் ஊட்டம்மாவப் போய் எப்படிக் கேக்கறது?" என்று கண்டக்டர் தலையைச் சொறிந்தார். பஸ் முழுக்கச் சிரித்தது.

"நான் சொல்லல?" என்றார் மீசைக்காரர்.

"ஆமாண்ணா, நானும் துன்னுட்டேன். இப்ப கக்கிடறேன்," என்று சொல்லும்போது அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தனக்கும் குட்டிக்கும் டிக்கெட் வாங்கிக்கொண்டு எழுந்து நின்றாள். காலியான இடத்தில் குப்பம்மாள் கூச்சமே படாமல் உட்கார்ந்துகொண்டாள்.

ஊத்துக்கோட்டையில் வீரராகவன் குட்டியைப் பார்த்துப் பதறிப்போனார். "இன்னாம்மா, சின்னதா கீதா? பெருசா அனுப்பட்டுமா?"

"பெருசும் வேணாம், சின்னதும் வேணாம். அவுரு வாங்க மாட்டாரு."

வீரராகவன் நிஜமாகவே கலங்கினார். "எல்லா ஊர்லயும் ஆட்டக் குடுத்துட்டு சிமெண்ட்ல சரிக்கட்டிக்குவேன். ஆடே வேணாம்னா எப்படிம்மா பாலம் கட்டறது?"

"சிமெண்ட் போட்டுத்தான் கட்டணும்."

புதிதாக ஏதோ கேள்விப்பட்டவர் போல அவர் கயிற்றை வாங்கிக்கொண்டார்.

தணிகாசலம் தினமும் வேலை நடக்கும் இடத்துக்குப் போய்ப் பக்கத்திலேயே நின்றார். பாலம் எழும்பியது. அந்த வருஷத்து மழையில் கால்வாய் இரு கரையும் தொட்டு ஓடியும் ஒரு கல்கூடப் பெயரவில்லை. மழை விட்டதும் ஊரே வேடிக்கை பார்க்க வந்தது.

"இவ்ளோ கெட்டியா கட்டிக்கீறானே," என்று கூட்டத்தில் ஒருவர் வியந்தார். "பிரசிடெண்ட் எவ்ளோ துன்னுருப்பாரு?"

கணவர் முகம் போன போக்கைப் பார்த்த கனகாம்பாள், பாலத்துக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.