நாற்பது விநாடி லிசாந்த்ரோ

லிசாந்த்ரோ உருவேத்தாவை அடக்கம் செய்த பதினோராம் நாள், மாலை நாலு பத்துக்கு, அவர் வீட்டு ரேடியோவில் ஆற்றின் நீர்மட்டத்தை அவரே வாசித்தார். "எல் ரெமான்சோ, நாலு மீட்டர் இருபது. இறங்குமுகம்." அவ்வளவுதான், பிறகு வழக்கம்போல் சமையல் எண்ணெய் விளம்பரம். முப்பத்தொரு வருஷம் படித்துறைக் கம்பத்தில் அளவு பார்த்து, தொலைபேசி வழியாக ரேடியோ நிலையத்தில் வாசித்தவர் அவர்தான் என்பதால், எங்கள் எல் ரெமான்சோ ஊரில் யாரும் பெரிதாக அதிசயப்படவில்லை. மற்ற வீடுகளில் அந்த நேரத்துக்குப் புது ஆள்தான் வாசித்தார். புது ஆள் சொன்னதைவிடச் செத்தவர் சொன்ன அளவு சரியாக இருந்தது. ஆகவே மக்தலேனா ஆற்றில் படகு விடுகிறவர்கள் தினமும் அவர் வீட்டு ஜன்னலடியில் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அவர் மனைவி எர்சிலியாவுக்கு ஆறு ஏறினால் என்ன, இறங்கினால் என்ன. அவளுக்கு வேண்டியது அந்த வாயிலிருந்து ஒரு பெயர். ஒரே மகள் நுரிஸ், படகு மெக்கானிக் ஒருவனை விரும்பினாள் என்று தெரிந்த நாளிலிருந்து லிசாந்த்ரோ அவளோடு பேச்சை நிறுத்திவிட்டார். மூன்று மாதம் மகளுக்கு எதிரே உட்கார்ந்து வறுத்த மீனும் மரவள்ளியும் தின்றார், ஒரு வார்த்தை இல்லை. அந்த மனிதர் பேசாமலிருப்பது நம்மைப் போன்றவர்கள் பேசாமலிருப்பது மாதிரி அல்ல. அவர் வாயை இறுக்கினால் சட்டியில் எண்ணெய் பொரியும் சத்தம் நின்றுபோகும். முற்றத்துக் கோழி அலகைத் திறக்கும், ஒன்றும் கேட்காது. தாங்க முடியாமல் நுரிஸ் அந்த மெக்கானிக்கோடு எல்லை தாண்டி மராக்கைபோ நகரத்துக்குப் போய்விட்டாள். "அவர் வாயால என் பேரைச் சொல்லட்டும்மா, அன்னிக்கு வர்றேன்" என்பதுதான் ஒன்பது வருஷமாக அவள் பேச்சு. அடக்கத்துக்கும் வரவில்லை. அப்பனை உரித்து வைத்தவள், வேறெப்படி இருப்பாள்.

அப்பா ரேடியோவில் பேசுகிறார் என்று எர்சிலியா தொலைபேசியில் சொன்னபோது, "செத்தும் தண்ணி அளவுதானா?" என்று நுரிஸ் கேட்டாள். பிறகு, "என் பேரைச் சொன்னா டேப்ல புடிச்சு வை. என் காதால கேக்கணும்" என்றாள்.

அது ரேடியோவும் கேசட் பதிவும் ஒன்றாய் உள்ள பெரிய பெட்டி. முன்பக்கத்தில், கையில் எடுத்துப்போகிற சின்ன பிளேயரைச் செருக ஒரு துளை. குமிழ்கள் இரண்டு: ஒன்று நாம் கேட்பதைத் தேர்ந்தெடுக்க, மற்றது கேசட்டில் பதிவதைத் தேர்ந்தெடுக்க. ரேடியோவைக் கேட்டுக்கொண்டே பிளேயரிலிருந்து பதியலாம். வசதிதான், வினையும் அதுதான். மனைவிக்கு எழுத்து வாசிக்க வராது என்பதால் லிசாந்த்ரோ இரண்டு குமிழிலும் ரேடியோவுக்கு நேரே நகப்பூச்சால் சிவப்புப் பொட்டு வைத்திருந்தார். எர்சிலியா தினமும் பொட்டுக்குப் பொட்டு சரிபார்த்து, நாலு எட்டுக்குப் பதிவுப் பொத்தானை அழுத்துவாள். அவர் நீர்மட்டம் சொல்வார். குரல் சுத்தமாகப் பதியும். பெயர் இல்லையென்றால் கேசட்டைப் பின்னால் ஓட்டி மறுநாளுக்கு வைப்பாள். இரண்டு வருஷம் இப்படிப் போனது.

மூன்றாம் வருஷம் பக்கத்து வீட்டு பெத்சபேயின் மகளுக்குப் பதினைந்து வயது நிறைந்த விழா. அந்த நடனத்துக்குப் பாட்டுப்பெட்டி தர மாட்டேன் என்பது எங்கள் ஊரில் தாகத்துக்குத் தண்ணீர் தராததைவிட மோசம். சனிக்கிழமை லிசாந்த்ரோ பேசி முடித்ததும் பெட்டி போனது. அங்கே பிளேயரைச் செருகிப் பாட்டுப் போட்டார்கள், அதை நினைவுக்கென்று கேசட்டிலும் பதிந்துகொண்டார்கள். இரவல் வாங்கிய பொருள் போனதைவிடப் பளிச்சென்று திரும்ப வேண்டும், கூடவே ஒரு தட்டு கேக்கும் வர வேண்டும் என்பது இங்குள்ள முறை. பெத்சபே மண்ணெண்ணெய்த் துணியால் ஒரு மணி நேரம் தேய்த்து, ஞாயிறு நாலு மணிக்குக் கொண்டுவந்தாள்.

"பாருங்கக்கா, கடையில இருந்து இப்பத்தான் இறக்கினாப்ல இருக்கு."

"எதுக்குடி இவ்வளவு பாடு" என்று எர்சிலியா கேக்கை வாங்கி வைத்தாள். பொட்டுகளைக் காணோம். நேரமில்லை. முதல் குமிழைத் திருப்பினாள், ரேடியோ பேசியது. பதிவுக் குமிழ் எங்கே நிற்கிறது என்பதைக் காதால் அறிய வழியில்லை. பொத்தானை அழுத்தினாள்.

"எல் ரெமான்சோ, ஆறு மீட்டர் பத்து" என்றார் லிசாந்த்ரோ. விளம்பரம் வரவில்லை. செருமினார். "நுரிஸ். வாம்மா. மீன் ஆறிப்போகுது."

ஜன்னலடியில் நின்ற படகுக்காரர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். அதன் பிறகு அவர் பேசவே இல்லை.

கேசட்டைப் பின்னால் ஓட்டிக் கேட்டால் ஒன்றுமில்லை. பதிவுக் குமிழ் விழாவில் வைத்தபடியே பிளேயரில் நின்றதால், செருகாத பிளேயரைத்தான் அது பதிந்திருந்தது. பெத்சபே தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். எர்சிலியா அவளைத் திட்டவில்லை. தொலைபேசியில், "சொல்லிட்டார்டி" என்று மட்டும் மகளிடம் சொன்னாள். கேசட் காலி என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

மூன்றாம் நாள் நுரிஸ் வந்து இறங்கினாள், உச்சியில் நரையோடு. பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "போடும்மா."

கேசட் ஓடியது. இரைச்சல்கூட இல்லை. தெருவில் போன மோட்டார் சைக்கிள் சத்தமின்றிப் போனது. முற்றத்துக் கோழி அலகைத் திறந்தது, ஒன்றும் கேட்கவில்லை. ஆறும் நின்றுபோனது போலிருந்தது. நாற்பது விநாடி கழித்து எல்லாம் திரும்பி வந்தன.

"பொட்டு அழிஞ்சு போச்சுடி, நான் பாத்திருக்கணும்..." என்று எர்சிலியா தொடங்கினாள்.

"இரும்மா. இது அப்பாதான். எனக்குத் தெரியாதா? மூணு மாசம் எதிர்ல உக்காந்து கேட்டிருக்கேன்." அப்படியே தரையில் உட்கார்ந்து, பதினோரு வருஷத்துக்கும் சேர்த்து அழுதாள். பிறகு கேட்டாள்: "பேரை எங்கம்மா சொன்னார்?"

எர்சிலியா கேசட்டை மறுபடி போட்டாள். ஊர் ஓய்ந்ததும், சரியான இடம் வரும்வரை காத்திருந்து, அவர் சொன்னதை அவர் நிதானத்திலேயே உதடுகளால் சொன்னாள். நுரிஸ் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இது நடந்து பதினான்கு வருஷம். மெக்கானிக்கும் இங்கேயே வந்துவிட்டான். இப்போதும் தினம் நாலு பத்துக்கு அம்மாவும் மகளும் அந்தக் கேசட்டைப் போடுகிறார்கள். மீன் விற்பவள் விலை சொல்வதைப் பாதியில் நிறுத்திக்கொள்கிறாள், பாதிரியார் மணிக்கயிற்றைப் பிடித்தபடி நிற்கிறார். படகுக்காரர்கள் மோட்டாரை அணைத்துவிடுகிறார்கள், எப்படியும் அது கேட்கப்போவதில்லை. அந்த ஜன்னல் வழியாகப் பார்த்தால் எர்சிலியாவின் உதடுகள் அசைவது தெரியும். முடிந்ததும் நுரிஸ் எழுந்து, மூன்று தட்டுகளில் மீன் எடுத்துவைக்கிறாள்.