கிணற்றுக்குள் போன பந்தாட்டச் சங்கம்

வெள்ளைக்காரன் தங்கத் தோட்டத்துச் சாளை வீட்டை விட்டுக்கொடுத்த நாளிலிருந்தே மயிலாத்தாளுக்கு நிம்மதி போயிற்று. கேட்டது பஞ்சாயத்து பிரசிடெண்ட். முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் காலியாகக் கிடக்கிற சாளையைத் தர ஏன் மறுக்கிறாள், அங்கே அப்படி என்ன இருக்கிறது என்று நாலு பேர் பேசுவார்கள். அந்தப் பேச்சு எழக்கூடாது என்றுதான் சாவியைக் கொடுத்தாள்.

எழுபத்திநாலாம் வருஷம், மாசி மாதம். கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே இரண்டு வருஷமாக மழை சரியில்லை. பூமிக்கடியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்க்க சர்க்கார் வெளிநாட்டிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்திருந்தது. அதில் ஒருவர்தான் யோஸ்தா. சுவீடன் தேசத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், வெயில் பட்டு முகமெல்லாம் செங்கல் நிறம். வாரத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு கிணறாகப் போய் டேப்பை உள்ளே விட்டு, தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று எழுதிக்கொள்வார். ஜீப் ஓட்டவும், அவர் பேசும் இங்கிலீஷைத் தமிழில் சொல்லவும் சுவக்கீன் என்று ஒரு உள்ளூர் ஆள் கூடவே இருந்தான்.

கிணற்றை எண்ணுகிற ஆள் என்றதும் மயிலாத்தாள் பயந்ததற்குக் காரணம் உண்டு. புருஷன் போய்ப் பத்து வருஷமாக நாற்பத்துநாலு ஏக்கரையும் அவள்தான் பார்த்து வந்தாள். கடலை, கரும்பு, ஓரத்தில் தென்னை. புதுச் சட்டம் வந்து, வரம்புக்கு மேலே உள்ளதை மிச்சபூமி என்று எடுத்துக்கொள்வார்கள் என்று ஆனபோது, அவளுடைய அண்ணன் சென்னியப்பன் பூமியை ஐந்து பேர் பேரில் பிரித்து எழுதி வைத்தார். மகள், மருமகன், அண்ணன் மகன், அவள். ஐந்தாவது, பொள்ளாச்சியில் இருந்த பெரியத்தை செல்லாத்தாள். எழுதியபோதே செல்லாத்தாள் செத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. காகிதத்தில் ஐந்து பேர் பூமி. ஆனால் பூமியில் இருந்த பதினோரு கிணற்றுக்கும் மோட்டார் போடுகிற ஆளும் நிறுத்துகிற ஆளும் மயிலாத்தாளின் ஆட்கள்தான். கிணறுகளைச் சுற்றி வருகிற எவனுக்கும் அது இரண்டு நாளில் விளங்கிவிடும்.

யோஸ்தாவிடம் இரண்டு நோட்டுகள் இருந்தன. தண்ணீர்க் கணக்கு எழுதுகிற சர்க்கார் நோட்டு ஜீப்பின் முன் சீட்டில் திறந்தபடியே கிடக்கும், யாரும் புரட்டிப் பார்க்கலாம். இன்னொன்று பச்சை அட்டை போட்ட தடித்த நோட்டு. அதைச் சாயங்காலங்களில் மட்டும் எடுத்து, வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுதுவார். எழுதி முடித்ததும் துணிப்பையில் போட்டுக் கட்டிலுக்கு மேலே மாட்டிவிடுவார். சர்க்கார் வேலை என்றால் எதற்குப் பத்திரப்படுத்த வேண்டும் என்று மயிலாத்தாள் யோசித்தாள்.

இதற்கிடையில் அவர் இன்னொன்றும் கேட்டார். மேற்கே தனியாக இருக்கிற பெரிய கிணற்றை ஒரே நாளில் இறைத்து வற்றவைத்து, திரும்ப ஊற எத்தனை நேரம் ஆகிறது என்று பார்க்க வேண்டுமாம். மூன்று தடவை சுவக்கீனை அனுப்பிக் கேட்டார். மூன்று தடவையும் கரும்பு காய்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

பங்குனியில் ஒரு நாள், சாளைப் பக்கம் கன்றுக்குட்டியைத் தேடிப் போனபோது வேப்பமரத்தடியில் நாற்காலிமேல் அந்தப் பச்சை நோட்டு கிடந்தது. வெள்ளைக்காரர் ஜீப் டயரைப் பார்க்க ரோட்டுக்குப் போயிருந்தார். மயிலாத்தாள் புரட்டினாள். எழுத்து ஒன்றும் புரியவில்லை. ஆனால் பெயர்கள் பெயர்கள்தான் என்று எந்தப் பாஷையிலும் தெரியும். வரிசை வரிசையாகப் பெயர்கள், எதிரே வருஷங்கள். சில பெயர்களுக்குப் பக்கத்தில் சிலுவை போலக் குறி. ஒரு பக்கம் முழுக்கப் படம். நீளக் கட்டம், நடுவே ஒரு கோடு, உள்ளே புள்ளிகள், புள்ளிக்குப் புள்ளி அம்புக்குறி. அவள் எண்ணினாள். பதினொன்று. மறுபடி எண்ணினாள். பதினொன்றுதான். அதில் ஒரு புள்ளி ஒரு கடைசியில் தன்னந்தனியாக, அவளுடைய மேற்குக் கிணறு போலவே நின்றது.

மறுநாள் சென்னியப்பன் வந்தபோது சொன்னாள். அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"அம்புக்குறி எதுக்குன்னு தெரியுதா அம்மணி? எந்தக் கெணத்துத் தண்ணி எவன் பூமிக்குப் போவுதுன்னு எழுதிருக்கறான். சிலுவை போட்டது செத்தவிங்க. நம்ம பெரியத்தை பேரும் அதுல இருக்கும்."

அதன் பிறகு மயிலாத்தாளுக்குச் சோறு இறங்கவில்லை. சுவக்கீன் சிரித்தால் அதிலும் ஒன்று இருப்பதாகத் தோன்றியது. யோஸ்தா கும்பிட்டால் எதற்குக் கும்பிடுகிறான் என்று தோன்றியது. வியாழக்கிழமை அவர்கள் இருவரும் பக்கத்துச் சித்தூர் ஆபீசுக்குப் போனதும் சாளைக்குள் போய்த் துணிப்பையிலிருந்து நோட்டை எடுத்தாள். எரித்தால் புகை தெரியும், புதைத்தால் நாய் கிளறும். காலி யூரியா பையில் நோட்டையும் ஒரு கல்லையும் வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, மேற்குக் கிணற்றில் போட்டாள். சத்தம் கேட்ட பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

வில்லேஜ் ஆபீசரோடு வருவான், போலீசோடு வருவான் என்று எதிர்பார்த்தாள். யாரும் வரவில்லை. யோஸ்தா கட்டிலைப் புரட்டினார், ஜீப்பின் சீட்டைக் கழற்றினார், சித்தூருக்குத் திரும்பப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். யார்மேலும் குற்றம் சொல்லவில்லை. மூன்றாம் நாளிலிருந்து வேலைக்கும் சரியாகப் போகாமல் மரத்தடியில் உட்கார்ந்து வெள்ளைத்தாளில் ஏதோ எழுதுவதும், யோசிப்பதும், கிழிப்பதுமாக இருந்தார். சர்க்கார் காகிதத்தைத் தொலைத்தவன் இப்படி உட்கார மாட்டான். இது அவளுக்குப் புதுச் சந்தேகத்தைக் கொடுத்தது.

சுவக்கீனைக் கூப்பிட்டு, துரைக்கு என்ன வந்தது என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டாள். அவன் சொன்னான்: அவர் ஊர் வார்க்நேஸ் என்று காட்டுக்குள் இருக்கிற சின்ன ஊர். மரம் அறுக்கிற மில்லை நம்பிப் பிழைத்த ஊர். அங்கே மில் வேலைக்காரர்கள் ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கால்பந்தாட்டச் சங்கம் தொடங்கினார்கள். அதன் சரித்திரத்தைத்தான் ஒன்பது வருஷமாகக் கிழவர்களைத் தேடித்தேடிக் கேட்டு எழுதி வந்தார். அது போய்விட்டது.

மயிலாத்தாள் அதை நம்பவில்லை. பந்து விளையாடுவதற்கு யாராவது சரித்திரம் எழுதுவார்களா? அவள் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். சுவக்கீன் மரத்தடிக்குப் போய் யோஸ்தா புதிதாக வரைந்த தாள் ஒன்றை வாங்கி வந்து காட்டினான். அதே கட்டம், அதே நடுக்கோடு, அதே பதினோரு புள்ளி.

"இதெல்லாம் கெணறா?" என்று கேட்டாள்.

"கெணறுங்களா? ஆளுங்கம்மா. பந்து வெளையாடற ஆளுங்க. ஒரு பக்கத்துக்குப் பதினோரு பேருங்க. இந்தக் கடைசில தனியா நின்னு பந்தைத் தடுக்கறது கோலிங்க. அது அவுரு அப்பாவாமுங்க."

"சிலுவை போட்டிருந்துதே," என்று வாய்வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அன்று சாயங்காலமே பஸ் ஏறிக் கொழிஞ்சாம்பாறை போய், பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியாரைத் தேடிப் பிடித்தாள். பந்து விளையாட ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் என்று கேட்டாள். வாத்தியார் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பதினொன்று என்றார். எப்படி நிற்பார்கள் என்று கேட்டாள். அவர் குச்சியால் மண்ணில் நீளக் கட்டம் போட்டு, நடுவே கோடு இழுத்து, புள்ளி வைத்தார். கடைசியில் ஒன்றைத் தனியாக வைத்தார்.

மறுநாள் காலையில் கிணறு வெட்டுகிற மொக்கையனை வரச்சொன்னாள். மேற்குக் கிணற்றில் மோட்டாரோடு ஆயில் இன்ஜினையும் சேர்த்துப் போடச்சொன்னாள். கரும்புக்கு முந்தின நாள்தான் தண்ணீர் பாய்ந்திருந்தது. இருந்தும் இறைக்கச் சொன்னாள். சித்திரை பிறக்கப்போகிற வெயிலில் தண்ணீர் வாய்க்கால் நிறைந்து, தரிசில் ஏறி, யாருக்கும் உதவாமல் ஓடியது. ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சத்தம் கேட்டு யோஸ்தா டேப்போடும் கைக்கடிகாரத்தோடும் ஓடிவந்தார். கடைசியில் அம்மா சம்மதித்துவிட்டாள் என்று நினைத்து, கிணற்று மேட்டில் குந்தி உட்கார்ந்து அளக்க ஆரம்பித்தார். அவருக்கு அத்தனை சந்தோஷம். மயிலாத்தாள் அவரை அளக்க விட்டுவிட்டாள்.

மத்தியானம் தாண்டி அடிப்பாறை தெரிந்தது. மொக்கையன் கயிற்றில் இறங்கி, சேற்றில் காலால் துழாவி, யூரியா பையைத் தூக்கிக் காட்டினான். மேலே வந்ததும் மயிலாத்தாளே கட்டை அவிழ்த்தாள். பைக்குள் இருந்த பிளாஸ்டிக் உறை நோட்டை ஓரளவு காப்பாற்றியிருந்தது. அட்டை ஊறிப் பிளந்திருந்தது. முன்பக்கங்கள் மசி கரைந்து நீலமாகக் கிடந்தன, பின்பக்கங்களில் எழுத்து நின்றது. யோஸ்தா டேப்பைக் கீழே வைத்தார்.

"நாந்தான் போட்டேன்னு சொல்லு," என்றாள் சுவக்கீனிடம்.

சுவக்கீன் ஒரு கணம் தயங்கி இங்கிலீஷில் ஏதோ சொன்னான். ரொம்பக் கொஞ்சமாகச் சொன்னான். யோஸ்தா அவள் பக்கம் திரும்பி இரண்டு கையும் கூப்பினார். கண் கலங்கியிருந்தது. கோபமில்லை. அதைப் பார்த்ததும் மயிலாத்தாளுக்கு விளங்கிவிட்டது.

"நீ என்ன சொன்னே?"

"தவறி வுழுந்துருச்சு, அம்மாதான் தேடி எடுத்துக் குடுக்கறாங்கன்னு சொன்னனுங்க."

"நாஞ் சொன்னதைச் சொல்லு."

அவன் தலைகுனிந்து நின்றான். மயிலாத்தாள் நோட்டைக் கையில் எடுத்தாள். மார்போடு சேர்த்து மறைத்துக் காட்டினாள். பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, கிணற்றுக்குள் எறிவது போலக் கையை வீசிக் காட்டினாள். இரண்டு தடவை காட்டினாள். நோட்டை அவரிடம் கொடுத்தாள்.

யோஸ்தாவின் முகம் மெல்ல மாறியது. ஏன் என்று கேட்டார். பெயர்களைப் பார்த்துப் பயந்துவிட்டதாகச் சொல்லச் சொன்னாள். எதற்குப் பயம் என்பதைச் சொல்லவில்லை, அவரும் அதைக் கேட்கவில்லை. ஈரப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே வெகுநேரம் பேசினார். சுவக்கீன் இந்த முறை ஒன்றையும் விடாமல் சொன்னான்.

சங்கம் தொடங்கி ஐந்தாம் வருஷம் மில்லில் வேலைநிறுத்தம் வந்தது. பந்தாட்டம் என்று பேர் வைத்துக்கொண்டு தொழிலாளிகள் ரகசியமாகச் சேர்கிறார்கள் என்று முதலாளிக்குச் சந்தேகம். மில் மேஸ்திரி ஒருவன் சங்கத்துச் செயலாளர் வீட்டுக்குள் புகுந்து, உறுப்பினர் பெயர் எழுதிய புத்தகத்தை எடுத்துவந்து பாய்லரில் போட்டான். அதற்கு முன்பே படித்தும் பார்த்திருந்தான். பெயர் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு வேலை போனது. மைதானத்துக்குப் பூட்டு விழுந்தது. இரண்டு குளிர்காலம் உறைந்த ஏரிமேல் விளையாடினார்கள். பழைய காகிதம் எதுவும் இல்லாமல் போனதால்தான் அவர் வாய்மொழியாகக் கேட்டு எழுத வேண்டியிருந்தது.

"அந்த மேஸ்திரி இவுரோட தாத்தாவாமுங்க. அப்பாவைப் பெத்தவருங்க," என்றான் சுவக்கீன். "மகன் அதே சங்கத்துல கோலியாச் சேந்தப்பறம் ரெண்டு பேருக்கும் சாவற வரைக்கும் பேச்சே இல்லீங்களாமா."

மயிலாத்தாள் நோட்டைக் காட்டினாள். "அதை இதுல எழுதியிருக்கறாரான்னு கேளு."

கேட்டான். யோஸ்தா இல்லை என்று தலையசைத்தார். யாரோ ஒரு மேஸ்திரி என்று மட்டும் எழுதியிருந்தாராம்.

"அதை மறைச்சா மத்ததையும் நான் நம்ப மாட்டேன்னு சொல்லு."

சுவக்கீன் சொன்னதைக் கேட்டு யோஸ்தா அவளை நிமிர்ந்து பார்த்தார். டேப்பை எடுத்துக்கொண்டு கிணற்று மேட்டுக்குப் போனார். ஊற்று எந்த வேகத்தில் ஏறுகிறது என்று மறுநாளும் அதற்கு மறுநாளும் அளந்துகொண்டே இருந்தார். மாட்டுக்கொட்டகையில் கயிறு கட்டிப் பக்கங்களை மயிலாத்தாளே காயப்போட்டாள். மூன்றில் ஒரு பங்கு போய்விட்டிருந்தது. அதை அவர் ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதினார், ஊருக்குக் கடிதங்கள் போட்டார். பழைய கதையை அவருக்குச் சொன்ன கிழவர்களில் ஏழு பேர் இப்போது இல்லை என்று சுவக்கீன் சொன்ன அன்று மயிலாத்தாள் சாளைப் பக்கம் போகவில்லை.

சேதி தெரிந்து சென்னியப்பன் வைகாசியில் வந்து சத்தம் போட்டார். பஞ்ச காலத்தில் கிணற்றை வற்றவைத்து எடுத்துக் கொடுக்கிற அளவுக்கு வெள்ளைக்காரனோடு அவளுக்கு என்ன பேச்சு, மிச்சபூமி விஷயத்தில் தனியாக ஏதாவது முடிவு பண்ணிவிட்டாளா என்று கேட்டார். பந்தாட்ட நோட்டு என்றாள். அவர் சிரிக்கக்கூட இல்லை. அதன் பிறகு அந்த வீட்டுப் படி ஏறவில்லை. அடுத்த வருஷம் தாலூக் ஆபீஸ் ஆட்கள் வந்து செல்லாத்தாள் பேரில் இருந்த ஒன்பது ஏக்கரை அளந்து கல் நட்டார்கள். பொள்ளாச்சியிலிருந்து வந்த சாவுப் பதிவைப் பார்த்துத்தான் வந்தார்கள் என்று பியூனே சொன்னான். சென்னியப்பன் மட்டும் அதைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளாமல், வெள்ளைக்காரனோடு சேர்ந்து அவள் செய்த வேலை என்றே சொன்னார்.

எழுபத்திநாலிலேயே, ஆனி பிறந்து முதல் மழை விழுந்ததும் யோஸ்தா புறப்பட்டார். சாவியைக் கொடுக்க வந்தபோது புது நோட்டு ஒன்றைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டினார். தாத்தா பேரை எழுதிவிட்டதாகச் சுவக்கீன் சொன்னான். நோட்டு கிணற்றில் போய் வந்த கதையையும் எழுதியிருக்கிறாராம். "உங்க பேரும் இருக்குதுங்கம்மா."

மயிலாத்தாளுக்குப் பழைய பயம் வந்துவிட்டது. "எம் பேரு வேண்டாம். அடிக்கச் சொல்லு."

சுவக்கீன் சொன்னதும் யோஸ்தா பேனாவை எடுத்து ஒரு வார்த்தையை அடித்தார். நோட்டை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். அடித்த வார்த்தைக்கு மேலேயும் கீழேயும் கிட்டத்தட்ட அதே நீளத்தில் இன்னும் நாலைந்து வார்த்தைகள் இருந்தன. எது தன் பெயர் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? சுவக்கீனைப் பார்த்தாள். அவன் அதற்குள் போய் ஜீப்பில் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தான்.

"சரி," என்று சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.