சொல்லட்டுமா, வேண்டாமா

வாடிக்கையாளரின் தாடையில் பாதி நுரை இருக்கும்போதே கைபேசி அடித்தது. சலூன்காரர் கத்தியை மடக்கி வைத்துவிட்டு எடுத்தார். ஆராய்ச்சி மையத்து டாக்டரம்மா. தம்பி வேலைக்குப் போன இடத்தில் நின்றபடியே சரிந்து செத்த வருடம், பரம்பரையாக வரும் இதய நோய் பற்றிய ஆய்வுக்கு இவர் ரத்தம் கொடுத்திருந்தார். எத்தனையோ குழாய்களோடு ஒரு குழாயாக அது எங்கோ போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தார்.

"அப்போ முடிவைச் சொல்ல மாட்டோம்னு சொல்லியிருந்தோம். இப்போ விதி மாறியிருக்கு. நல்லதோ கெட்டதோ, எல்லார்கிட்டயும் கேட்டுட்டுத்தான் சொல்றோம். உங்களுக்குச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்மா."

மறுபடி கத்தியை எடுத்தவர் நுரையே இல்லாத கழுத்தில் கொண்டுபோய் வைத்தார்.

"அண்ணே, பேச்சுல கழுத்தறுக்கலாம், கத்தியில கூடாது" என்றார் நாற்காலியில் இருந்தவர். சலூன்காரரும் சிரித்துவைத்தார்.

வீட்டில் மனைவி சிரிக்கவில்லை.

"ஏங்க வேண்டாம்னீங்க?"

"தெரிஞ்சா ஒவ்வொரு துடிப்பையும் எண்ணிக்கிட்டே உக்காரணும்."

"நீங்க எண்ணலைன்னா அது சும்மா இருக்குமா? அந்த நோய் இருந்தா உங்களோட நிக்குமா? நம்ம பொண்ணு இவ, தினமும் ஓடறா."

மகள் கல்லூரியின் ஓட்டப்பந்தய அணியில் இருந்தாள். அந்த நினைப்பைத்தான் அவர் மாலை முழுக்கக் கிட்டே அண்டவிடாமல் வைத்திருந்தார். தன் உடம்பு தன்னுடையது என்றே இத்தனை காலம் இருந்தவர். இப்போது அது யாரிடமிருந்தோ வாங்கி, பாதியை மகளிடம் கொடுத்துவிட்ட ஒன்றாகத் தோன்றியது.

"அப்பாவை விடும்மா. நானே டெஸ்ட் எடுத்துக்கறேன்" என்றாள் மகள். பிறகு, "எனக்கு இருந்தா அது உங்ககிட்டருந்துதான், உங்களுக்கும் இருக்குன்னு ஆயிடும்ப்பா. பரவாயில்ல, உங்ககிட்ட சொல்ல மாட்டேன்" என்றாள்.

அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார். அவள் சொல்லமாட்டாள்தான். சோதனை முடிந்து வந்து, அவருக்காக ஒரு முகத்தை வைத்துக்கொண்டு இதே மேஜையில் எதிரே உட்கார்ந்திருப்பாள். நாள் முழுக்க முகங்களோடு பிழைப்பவர் அவர். அதைப் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பது? மறுநாள் காலை கடை திறக்குமுன் டாக்டரம்மாவைக் கூப்பிட்டு, வருவதாகச் சொன்னார்.

மூவருமாகப் போனார்கள். அறைக்குள் அவர் மட்டும் நுழைந்தார்.

"இப்பவும் வேண்டாம்னு சொல்லலாம்."

"சொல்லுங்கம்மா."

இருந்தது. அவருக்கு வைத்தியம் உண்டு, இனி கண்காணிப்பில் இருக்க வேண்டும். மகளுக்கு வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. "பரிசோதிச்சுப் பார்க்கிற வரைக்கும் பந்தயம் மட்டும் வேண்டாம்னு சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா, மெதுவாக.

கதவைத் திறந்து வெளியே வந்தார். மனைவி பெஞ்சிலிருந்து எழுந்தாள். நீண்ட நடைபாதையின் மறுகோடியில், ஜன்னலோரம் நின்றிருந்த மகள் அவரைக் கண்டதும் ஓடிவந்தாள். பாதி தூரத்தில் அவர் முகம் தெரிந்திருக்க வேண்டும். வேகத்தைக் குறைத்து, நடக்க ஆரம்பித்தாள்.