டெய்சிப் பாத்தி

முளைத்த செடிக்கன்றின் கழுத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு கிணற்றடியில் குந்தியிருந்தேன். இழுத்தால் வந்துவிடும். கடற்கரை மணல், வேரை இறுக்கிப் பிடித்துவைக்கிற மண்ணா இது? ஆனால் இழுக்கக் கை வரவில்லை. இருபத்தெட்டு வருசமாக இந்த வீட்டு வளவில் ஒரு புல்லை விட்டுவைக்காத நஸ்லா எனக்கு, இன்றைக்கு எது புல் எது பூங்கன்று என்று தெரியவில்லை. நல்ல கூத்து!

என் மனுசர் காலிதீன், மவுத்தாவதற்கு மூன்று நாளைக்கு முன்னால்தான் மலைநாட்டு நுவரெலியாவிலிருந்து வந்தார். "டெய்சி வெத போட்டிரிக்கன், இந்தப் பாத்தியில கை வெச்சிராத," என்றார். மூன்றாம் நாள் விடியச் சுபஹுத் தொழுதுவிட்டு வந்து சாய்ந்தவர் எழும்பவேயில்லை. டெய்சி எப்படி முளைக்கும், இலை நீளமா உருண்டையா, ஒன்றும் சொல்லவில்லை. கேட்காததற்கெல்லாம் விளக்கம் சொல்லுகிற மனிதர்! நினைத்தால் அழுகை வருகிறது, கூடவே கோபமும் வருகிறது.

பாத்தியில் இரண்டு வகை முளைத்திருந்தது. ஒன்று பல்லுப்பல்லாய் இலை, சொரசொரப்பு. பார்த்தால் மூக்குத்திப் பூண்டு போலிருந்தது. மற்றது கரண்டி மாதிரி வழுவழுப்பான இலை. அதுவும் ஏதாவது களையாக இருக்கலாம், யார் கண்டது? இரண்டையும் விட்டால் ஒன்று மற்றதை மூடிக் கொன்றுவிடும். பிழையானதைப் பிடுங்கினால், அவர் கடைசியாகக் கையால் போட்டதை நானே பிடுங்கி எறிந்தவளாவேன்.

மகள் ஸப்னா கைப்போனில் படம்பிடித்துத் தேடினாள். ஒரே கன்றுக்கு ஒருதரம் டெய்சி என்றது, மறுதரம் சாமந்தி என்றது.

"போனும் குழம்பிட்டு உம்மா," என்றாள்.

கடைசியில் பூங்கன்று விற்கிற ஹமீடைக் கூப்பிட்டாள். புருசன் போனவள் நாலு மாதமும் பத்து நாளும் ஒதுங்கி இருக்கிற இத்தாவில் எனக்கு நாற்பது நாள்தான் ஆகிறது, அந்நிய ஆணுக்கு முன்னால் வரமுடியாது. கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றேன். "பிடுங்காத புள்ள!" என்று நான் கத்துவதற்குள், ஸப்னா இரண்டிலும் ஒவ்வொன்றை வேரோடு பிடுங்கிக்கொண்டுபோய் வாசலில் நின்ற ஹமீடிடம் காட்டிவிட்டாள்.

"பல்லு இல மூக்குத்திப் பூண்டுதான் மகள். மத்தது வெளங்கல்ல, பூத்தாத்தான் சொல்லலாம்," என்றார். பிறகு மெல்லச் சிரித்தார். "காலிதீன் காக்கா என்னட்டயும் வந்தவரு. இந்த உப்பு மணல்ல டெய்சி வராது எண்டன். 'வராட்டிப் பரவால்ல. நஸ்லா மூக்குத்திப் பூவெல்லாம் பிடுங்கி எறியிறா. அதுவும் வெள்ளையா வடிவாத்தானே பூக்குது. டெய்சி போட்டிரிக்கன் எண்டு சொன்னா விட்டுவைப்பா' எண்டாரு."

"அப்ப வாப்பா வெத போட்டாரா இல்லியா?"

"அது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும், மகள்."

பொய்க்காரன்! சீலையைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு மவுத்தானவரை மனதுக்குள் ஏசினேன். வாய்திறந்து என்னிடம் கேட்டிருக்கலாமே? கேட்டிருந்தாலும் நான் பிடுங்கித்தான் இருப்பேன். அதுதான் இன்னும் சுட்டது. ஒருவேளை உண்மையாகவே போட்டுமிருப்பாரோ?

ஹமீட் போனதும், படியில் கிடந்த இரண்டையும் எடுத்துக்கொண்டு பாத்திக்குப் போனேன். விரலால் தோண்டிக் கரண்டி இலையை நட்டேன். ஒரு சாண் தள்ளி மூக்குத்திப் பூண்டையும் நட்டேன்.

"உம்மா, அது புல்லு!"

"ஓம், தெரியும். தண்ணி கொண்டா."

பூண்டு வாடி ஒருபக்கம் சரிந்தது. ஈர்க்கு ஒன்றை ஊன்றிப் பார்த்தேன், நிற்கவில்லை. ஸப்னா வாளியைத் தேடிக்கொண்டிருந்தாள். என் நிழல் பூண்டின்மேல் விழும்படி, வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன்.